60 காட்டுது, ஆனா வண்டி ஏன் திக்குது?

ஸ்க்ரீன் மூலையில 60 எஃப்பிஎஸ்னு பச்சை கலர்ல நிக்குது. ஆனா வளைவுக்கு முன்னாடி பிரேக் மிதிக்கிற அந்த நொடியில படம் ஒரு தடவை டக்குனு நின்னு ஓடும். அது திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது வண்டி ரோட்டுல இருக்காது. ரேஸிங் சிமுலேட்டர் ஓட்டுற எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். உடனே ஹாஸ்டல்ல கிடைக்கிற அட்வைஸும் எல்லாருக்கும் தெரியும்: "கார்டு பத்தல மச்சான், வேற லேப்டாப் வாங்கு."

வாங்கிடாதீங்க. முதல்ல இதைப் படிங்க. நம்ம காலேஜ்ல அசெட்டோ கோர்சா ஓட்டுறவங்க நிறைய பேர் 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு லேப்டாப் வச்சிருக்கவங்கதான், அதனால அந்த கேமை வச்சே சொல்றேன். இத்தாலியோட குனோஸ் சிமுலாட்ஸியோனி 2014 டிசம்பர்ல முழுசா வெளியிட்டது. பழசுதான். ஆனா மாட் டிராக், மாட் கார்னு இன்னும் உயிரோட இருக்கு.

முதல்ல ஒரு கணக்கு

60 எஃப்பிஎஸ் அப்படின்னா ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். இது சராசரி மட்டும்தான், இங்கதான் ஏமாத்து வேலை நடக்குது. ஒரு செகண்ட்ல 59 ஃபிரேம் 15 மில்லி செகண்ட்ல வந்துடுச்சு, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 115 மில்லி செகண்ட் எடுத்துச்சுன்னு வச்சுக்கோங்க. 59 பெருக்கல் 15, 885. அதோட 115 கூட்டினா சரியா 1000. கவுன்டர் 60-ன்னே காட்டும், பொய்யும் சொல்லல. ஆனா நீங்க 180 கிலோமீட்டர் வேகத்துல போறீங்கன்னா செகண்டுக்கு 50 மீட்டர். அந்த ஒரு ஃபிரேம் நின்ன நேரத்துல வண்டி 5.75 மீட்டர் போயிடுச்சு. நீங்க எதுவும் பார்க்காமலே.

நம்ம மாவட்டத்துலயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில இருக்கிற சர்க்யூட்டோட நீளம் 3.717 கிலோமீட்டர். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல திறந்தது. அங்க நிஜமா ஓட்டுறவங்க பிரேக் பாயின்டை ஒண்ணு ரெண்டு மீட்டர் முன்ன பின்ன நகர்த்தித்தான் நேரத்தைக் குறைப்பாங்க. நம்ம கம்ப்யூட்டர் ஒரே திக்கல்ல அஞ்சே முக்கால் மீட்டரை முழுங்குது. இதுல எவன் நல்ல டிரைவர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதை ஏன் இவ்வளவு சீரியஸா சொல்றேன்னா, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு டிராக்ல ஓட்டுற காசு கிடையாது. சிமுலேட்டர்தான் ஒரே கதவு. இங்கிலாந்துல ஜான் மார்டன்பரோ 2011-ல நிஸான் நடத்தின ஜிடி அகாடமி போட்டியில ஜெயிச்சு, வீடியோ கேம்ல இருந்து நேரா நிஜ ரேஸ் காருக்குப் போனார். எல்லாருக்கும் அது நடக்காதுன்னு தெரியும். ஆனா போட்டியில உக்காரும்போது தோத்தா நம்மாலதான் தோக்கணும், லேப்டாப்பால இல்ல.

கிராஃப் எடுத்துட்டுப் பேசுங்க

எஃப்பிஎஸ் கவுன்டரை மூடிடுங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் கூட வர்ற ரிவாட்யூனர்ல ஃபிரேம் டைம் கிராஃப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணுங்க. ரெக்கார்ட் பண்ணி அப்புறமா உக்காந்து பார்க்கணும்னா கேப்ஃபிரேம்எக்ஸ். ரெண்டுமே இலவசம். 15 நிமிஷம் ஒரே டிராக், ஒரே கார், ஓட்டி ரெக்கார்ட் பண்ணுங்க. பக்கத்துலயே சிபியு, ஜிபியு சூடு, கிளாக் வேகம், வீடியோ மெமரி, இந்த நாலும் வரணும்.

டாக்டர் ஈசிஜி பார்க்கிற மாதிரிதான். கோடு எந்த வடிவத்துல கெடுதுங்கிறதுதான் வியாதி. கொஞ்ச நேரம் நல்லா ஓடி அப்புறம் மொத்தமா மேல ஏறி அங்கேயே நிக்குதா? முதல் சுற்றுல மட்டும் ஊசி ஊசியா குத்துதா? ஸ்டார்ட்ல எல்லா காரும் ஒண்ணா இருக்கும்போது மட்டும் வீங்குதா? இல்ல கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில துடிக்குதா? நாலுக்கும் வைத்தியம் வேற வேற. யூடியூப்ல "ஒரே செட்டிங்ல எல்லாம் சரி"ன்னு சொல்ற வீடியோ எல்லாம் இந்த நாலையும் போட்டுக் குழப்பினதுதான்.

சூடு: நம்ம ஊர் வியாதி

எங்க ஊர் ஐயங்கார்குளம். காஞ்சிபுரத்துக்குப் பக்கம். சஞ்சீவிராயர் கோயில், பெரிய குளம், நடவாவி கிணறு, இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் அந்தக் கிணத்துக்குள்ள இறங்குற ஊர். அந்த சித்திரை மாச வெயில்லதான் என் சித்தப்பா பையன் கூப்பிட்டான். பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம்.

"அண்ணா, காலேஜ் லேப்ல வச்சு ஓட்டினா வழுவழுன்னு ஓடுது, வீட்ல வந்தா பத்து நிமிஷத்துல திக்குது. இது செத்துப்போச்சுண்ணா. புதுசு வாங்கினா சரியாயிடும்ல?"

பின்னாடி இருந்து சித்தப்பா போனை வாங்கினார். "ஏம்பா, நீ இன்ஜினியரிங் படிக்கிறவன், உள்ளதைச் சொல்லு. நெஜமாவே போச்சா, இல்ல இவன் புதுசு வேணும்னு சொல்றானா? சீட்டு எடுத்துத்தான் குடுக்கணும்."

சித்தப்பா தறி நெய்யறவர். சீட்டுப் பணம்னா அது எத்தனை மாச உழைப்புன்னு எனக்குத் தெரியும். அதனால போன்ல எதுவும் சொல்லாம சனிக்கிழமை நேர்லயே போயிட்டேன்.

ஒரே லேப்டாப், ஒரே கேம், லேப்ல ஓடுது, வீட்ல ஓடல. அப்படின்னா மாறினது என்ன? காத்துதான். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதினவங்க யோசிங்க. சிப்போட சூடு = அறையோட சூடு + (பவர் × தெர்மல் ரெசிஸ்டன்ஸ்). ரெண்டாவது பாதி கேம் ஒண்ணா இருக்கிற வரைக்கும் கிட்டத்தட்ட மாறாது. ஏசி லேப்ல 25 டிகிரி, சிப் 84 டிகிரின்னா ஏத்தம் 59. அதே 59-ஐ 38 டிகிரி இருக்கிற வீட்டு அறையில போடுங்க. 97. நிறைய லேப்டாப் சிப்புகள் 95-ல இருந்து 100-க்குள்ள தன்னைக் காப்பாத்திக்க கிளாக்கைக் குறைச்சுடும். லேப்டாப் கெட்டுப் போகல, அது ஒழுங்கா வேலை செய்யுது. அதான் இதுல வேடிக்கை.

கிராஃப் அப்படியே வந்தது. பத்து நிமிஷம் நேர்கோடு. அப்புறம் சிபியு கிளாக் படிக்கட்டு மாதிரி இறங்க, ஃபிரேம் டைம் மேல ஏறி அங்கேயே உக்காந்துக்குச்சு. இதுல ஒண்ணைக் கவனிக்கணும்: முதல் அரை நிமிஷத்துலயே கிளாக் கொஞ்சம் இறங்கினா அது சூடு இல்ல. இன்டெல் சிப்புகள் ஆரம்பத்துல கொஞ்ச நேரம் மட்டும் அதிகப் பவர் எடுத்துட்டு அப்புறம் நிதானத்துக்கு வரும், அது அதோட டிசைன். சூடுன்னா பல நிமிஷம் கழிச்சு, டெம்பரேச்சர் உச்சத்தைத் தொட்ட பிறகுதான் ஆரம்பிக்கும்.

அவன் லேப்டாப்பை மெத்தை மேல வச்சு ஓட்டிட்டு இருந்தான். அடியில இருக்கிற காத்துத் துவாரம் முழுசா அடைச்சிருக்கு. ஃபேனைத் திறந்தா உள்ள பஞ்சு. தறி இருக்கிற வீடு, நூல் பிசிறு பறக்கும், அது ஹீட் சிங்க் இடுக்குல போய் கம்பளி மாதிரி படிஞ்சிருக்கு. (வாரன்ட்டி இருக்கிறவங்க நீங்களே திறக்காதீங்க, சர்வீஸ்ல குடுங்க. திறக்கிறவங்க ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க, சுத்த விட்டா பேரிங் போயிடும்.) சுத்தம் பண்ணி, டேபிள் மேல வச்சு, பின்பக்கம் ரெண்டு மரக்கட்டை குடுத்துத் தூக்கினோம்.

அதுக்கப்புறம் ரெண்டு செட்டிங். ஒண்ணு, ரிவாட்யூனர்ல ஃபிரேம் லிமிட் 60. அவன் ஸ்க்ரீன் 60 ஹெர்ட்ஸ். ஆனா காலி டிராக்ல கேம் 95 ஃபிரேம் வரைஞ்சு தள்ளிட்டு இருந்தது. பார்க்க முடியாத 35 ஃபிரேமுக்காக சூட்டை வாங்கிக் கட்டிக்கணுமா? ரெண்டு, விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100-ல இருந்து 99 ஆக்குறது. ஒரு சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க, அதுல டர்போ பூஸ்ட்டே நின்னுடும். உச்ச வேகம் குறையும், ஆனா சீரா ஓடும். நான் இதைக் கடைசி ஆயுதமாத்தான் வச்சுக்குவேன், ஏன்னா அடுத்து சொல்லப்போற ஸ்டார்ட் லைன் பிரச்சினைக்கு சிபியு வேகம் வேணும். அவனுக்கு முதல் செட்டிங்கே போதுமா இருந்தது. சாயங்காலம் வரைக்கும் ஓட்டினோம், படிக்கட்டு வரல.

சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான். "அப்போ சீட்டு எடுக்க வேணாமா?" "இப்போதைக்கு வேணாம் சித்தப்பா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபேனை மட்டும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க."

20 கார் நிக்கிற ஸ்டார்ட் லைன்

ஆனா அவனுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. தனியா ஓட்டினா சரி, ரேஸ்ல 20 கம்ப்யூட்டர் கார் போட்டா முதல் வளைவு வரைக்கும் ஸ்லோ மோஷன். கிராஃபிக்ஸை எல்லாம் லோ-ல வச்சுப் பார்த்தான், மாறல. அது மாறலங்கிறதே ஒரு தடயம். ரெசொல்யூஷனைப் பாதியாக்கியும் ஃபிரேம் டைம் அசையலன்னா மாட்டிக்கிட்டு இருக்கிறது ஜிபியு இல்ல, சிபியு.

அசெட்டோ கோர்சாவோட ஃபிசிக்ஸ் செகண்டுக்கு 333 தடவை ஓடுது. ஒரு தடவைக்கு 3 மில்லி செகண்ட். அந்த 3 மில்லி செகண்டுக்குள்ள எல்லா காரோட டயர், சஸ்பென்ஷன், ஏரோ கணக்கெல்லாம் முடிஞ்சாகணும், ஏன்னா அதுல கம்ப்யூட்டர் கார்களுக்கும் ஃபிசிக்ஸ் உண்டு. முடியலன்னா ஸ்க்ரீன்ல சிபியு ஆக்குபன்சி 99 சதவீதத்துக்கு மேலன்னு ஒரு எச்சரிக்கை வரும். நிறைய பேர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து "சிபியு 40 சதவீதம்தானே இருக்கு"ன்னு குழம்புவாங்க. டாஸ்க் மேனேஜர் சொல்றது எல்லா கோரோட சராசரி. எட்டு பேர் இருக்கிற டீம்ல ஒருத்தன் மட்டும் ராத்திரி பகலா வேலை பார்க்க, மத்தவங்க டீ குடிச்சா சராசரி கம்மியாத்தான் இருக்கும். ஃபைனல் இயர் பிராஜெக்ட் பண்றவங்களுக்கு விளக்கவே வேணாம்.

இதுக்கு மருந்து: கார் எண்ணிக்கையை 20-ல இருந்து 12 ஆக்குங்க. அடுத்தது கண்ணாடி. பின்னாடி பார்க்கிற கண்ணாடின்னா கேம் அந்தக் காட்சியை இன்னொரு தடவை வரையணும், அதுவும் ஸ்டார்ட்ல பின்னாடி பத்து கார் நிக்கும்போது. கண்ணாடி குவாலிட்டியைக் குறைங்க. அப்புறம் ரிஃப்ளெக்ஷன். கார் பெயின்ட்ல ஊர் பளபளன்னு தெரியறதுக்காக கேம் ஒரு கனசதுரத்தோட ஆறு பக்கத்தையும் வரையுது. ஒரு ஃபிரேமுக்கு எத்தனை பக்கம்னு செட்டிங் இருக்கு, அதை ஒண்ணுல வைங்க. காக்பிட்ல உக்காந்து ஓட்டும்போது உங்க பெயின்ட்டை யார் பார்க்கப் போறா? நிழல் தரத்தையும் ஒரு படி இறக்குங்க. டயர் புகை, கூட்டம் எல்லாம் உங்க இஷ்டம்.

முதல் சுற்றுல மட்டும் திக்கினா

புது டிராக், முதல் சுற்று, ஒவ்வொரு வளைவுலயும் ஒரு குத்து. ரெண்டாவது சுற்றுல அதே இடத்துல ஒண்ணும் இல்ல. இது லோடிங். ரெண்டு விதம் இருக்கு.

ஒண்ணு ஷேடர். ஜிபியு ஓட்டுற சின்னச் சின்ன புரோகிராம்தான் ஷேடர். உங்க கார்டுக்கு, உங்க டிரைவருக்கு ஏத்த மாதிரி உங்க மெஷின்லயே அது கம்பைல் ஆகணும். கன்சோல்ல எல்லா டப்பாவும் ஒண்ணுதான், அதனால முன்கூட்டியே செஞ்சு அனுப்பிடலாம். பிசி-ல முடியாது. ஓட்டும்போது நடுவுல கம்பைல் பண்ணினா அந்த ஃபிரேம் காத்து நிக்கும். கோட்மாஸ்டர்ஸ் தங்களோட சொந்த எஞ்சினை விட்டுட்டு அன்ரியல் எஞ்சினுக்கு மாறி 2023 நவம்பர்ல ஈஏ ஸ்போர்ட்ஸ் டபிள்யூஆர்சி-யை விட்டப்போ, பிசி ஆளுங்க கத்தினது பெரும்பாலும் இந்தத் திக்கலுக்காகத்தான். அப்புறம் பேட்ச் மேல பேட்ச் போட்டு சரி பண்ண வேண்டியதாச்சு. ராலியில எதிர்ல வர்ற வளைவு எல்லாமே புதுசுதான், ரெண்டாவது சுற்றுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. அதான் அங்க வலி ஜாஸ்தி. நம்ம கையில இருக்கிறது என்னன்னா, என்விடியா கன்ட்ரோல் பேனல்ல ஷேடர் கேஷ் அளவை 10 ஜிபி ஆக்குங்க. "கிளீனர்" ஆப் போட்டு தினமும் கேஷை அழிக்கிற பழக்கத்தை விடுங்க. டிரைவர் அப்டேட் பண்ணின அன்னிக்கு நேரா ரேஸுக்குப் போகாம, முழு டிராக்கையும் ஒரு தடவை நிதானமா சுத்திட்டு வாங்க.

இன்னொண்ணு டிஸ்க். பழைய லேப்டாப்ல சி டிரைவ் மட்டும் எஸ்எஸ்டி, கேம் எல்லாம் டி டிரைவ் ஹார்ட் டிஸ்க்ல இருக்கும். 5400 ஆர்பிஎம்னா ஒரு சுத்துக்கு 11.1 மில்லி செகண்ட். வேண்டிய டேட்டா ஹெட்டுக்குக் கீழ வர சராசரியா பாதிச் சுத்து, 5.6. ஹெட் நகர்ற நேரமும் சேர்த்தா ஒரே ஒரு தேடலுக்கே ஒரு ஃபிரேம் நேரம் காலி. சிமுலேட்டரை மட்டுமாவது எஸ்எஸ்டி-க்கு மாத்துங்க. இடம் இல்லையா? ஓட்டாத மாட் காரை எல்லாம் தூக்குங்க.

மாட் கார்னதும் வீடியோ மெமரி ஞாபகம் வருது. 4096-க்கு 4096 டெக்ஸ்சர் ஒண்ணை கம்ப்ரஸ் பண்ணாம வச்சா 64 எம்பி. ஒரு காருக்கு நாலு, 20 காருக்கு 80 டெக்ஸ்சர், 5120 எம்பி. உங்க கார்டுல 4 ஜிபிதான். மிச்சம் சாதா ரேமுக்கு வழியும், அங்க இருந்து ஒவ்வொரு தடவையும் பிசிஐ வழியா இழுத்துட்டு வரணும். அதே டெக்ஸ்சரை ஒழுங்கா கம்ப்ரஸ் பண்ணிச் செஞ்சிருந்தா ஒண்ணு 16 எம்பி, மொத்தம் 1280. நல்ல மாடுக்கும் மட்டமான மாடுக்கும் வித்தியாசம் இதுதான், அழகுல இல்ல. டாஸ்க் மேனேஜர்ல டெடிகேட்டட் மெமரி நிரம்பி ஷேர்டு மெமரி ஏற ஆரம்பிச்சா டெக்ஸ்சர் தரத்தைக் குறைங்க.

கடிகாரம் மாதிரி துடிச்சா

சரியா ஒரு செகண்டுக்கு ஒரு தடவை குத்துதுன்னா பெரும்பாலும் ஏதோ ஒரு மானிட்டரிங் சாஃப்ட்வேர் சென்சாரைப் படிக்குது. கீபோர்ட் லைட் மாத்துற ஆப் கூட இதைச் செய்யும். ஒவ்வொண்ணா மூடிப் பாருங்க. ஆஃப்டர்பர்னரே குற்றவாளியா இருக்கலாம், போலீஸையும் சந்தேகப்படுங்க.

வேற மாதிரி ஒரு துடிப்பு உண்டு. 60 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன்ல 57 ஃபிரேம் வந்தா செகண்டுக்கு மூணு தடவை பழைய படமே ரெண்டாவது முறை தெரியும். எஃப்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு, ஆனா கண்ணுக்கு உறுத்தும். 60-ஐ விட்டுக் கீழ இறங்காத அளவுக்கு கிராஃபிக்ஸைக் குறைங்க. 144 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன்ல 144 வரலன்னா 100, 110-னு அலையவிடாம 72-ல கட்டுங்க, சரியா பாதி. ஃப்ரீசிங்க், ஜிசிங்க் இருக்கிற ஸ்க்ரீன்னா இந்தக் கவலை இல்ல.

தனி கார்டு இல்லாம சிபியு-வோட கிராஃபிக்ஸ்லயே ஓட்டுறவங்களுக்கு ரேம்தான் வீடியோ மெமரி. டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்துல ஸ்லாட் 2-ல 1-ன்னு காட்டினா பாதி ரோட்டுல ஓட்டிட்டு இருக்கீங்க. டிடிஆர்4 3200 ஒரு குச்சிக்கு செகண்டுக்கு 25.6 ஜிபி, ரெண்டு குச்சி போட்டா 51.2. ரேம் விலை இப்போ ஏறிக் கிடக்கு. அதனால ஃபிரெண்ட் லேப்டாப்புல இருந்து ஒண்ணைக் கடன் வாங்கிப் போட்டு, கிராஃப் மாறுதான்னு பார்த்துட்டு வாங்குங்க.

கரண்ட்டும் ஹாட்ஸ்பாட்டும்

திடீர்னு சரியா 30-க்கு இறங்கி அங்கேயே நின்னா முதல்ல சுவத்துல ஸ்விட்சைப் பாருங்க. கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறியிருக்கும். என்விடியாவோட பேட்டரி பூஸ்ட் 30-ல கட்டிடும். அதை ஆஃப் பண்ணினாலும் பேட்டரியால அடாப்டர் அளவுக்குப் பவர் தர முடியாது, அதனால பெரிய பலன் இல்ல. ராத்திரி லோ வோல்டேஜ்னு பயப்பட வேணாம். அடாப்டர் மேல 100-240 வோல்ட்னு போட்டிருந்தா அது சமாளிச்சுக்கும், ஃபேன் மெதுவா சுத்துறதுதான் உங்களுக்குப் பிரச்சினை. அறையும் சூடாகும், நீங்களும் சூடாவீங்க.

ஆன்லைன் ரேஸ்ல உங்க ஸ்டியரிங், ரோடு, மரம் எல்லாம் வழுவழுன்னு போகுது, ஆனா முன்னாடி போற கார் மட்டும் தவளை மாதிரி குதிக்குதுன்னா அது ஃபிரேம் டிராப்பே இல்ல. நெட். மொபைல் ஹாட்ஸ்பாட்ல பிங் சராசரி 40 இருந்தாலும் நடுநடுவுல 300-க்கு எகிறும். திரும்பவும் அதே சராசரிக் கதைதான். போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் பண்ணுங்க, வைஃபை சுத்தல் ஒண்ணாவது குறையும். போன்ல ஆட்டோ அப்டேட், போட்டோ பேக்கப் ரெண்டையும் நிறுத்துங்க. வீட்ல யாராவது அதே ஹாட்ஸ்பாட்ல சீரியல் பார்த்துட்டு இருந்தா, ரேஸை ஒன்பதரைக்குத் தள்ளி வைக்கிறதுதான் வழி.

இவ்வளவும் பார்த்தும் திக்கினா, கேப்ஃபிரேம்எக்ஸ் ரெக்கார்டிங் ஃபைலை எடுத்துட்டு சாயங்காலம் மெக் பிளாக் பின்னாடி இருக்கிற டீக்கடைக்கு வாங்க. ஸ்க்ரீனை போன்ல படம் பிடிச்சு "அண்ணா லேக் ஆகுது"ன்னு அனுப்பாதீங்க, அதுல எனக்கு உங்க பெட்ஷீட் மட்டும்தான் தெரியுது.